ஸ்பிரிட் வாடை

விழுப்புரம்
12.1.1987

அன்புள்ள சூசை மேரிக்கு,

மாதா உன்னையும் பிள்ளையையும் காப்பாளாக. சுகமாக இருக்கிறேன் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. இருக்கிறேன், அவ்வளவுதான்.

சென்னை ஆஸ்பத்திரியிலிருந்து தீபாவளி கழித்து என்னை அனுப்பினார்கள். அதற்குப் பிறகு பெத்தடின் ஊசி இல்லை. ஒன்றுகூட இல்லை. இதை நேரில் வந்து உன்னிடம் சொல்ல வேண்டும் என்று ஒருநாள் திண்டிவனத்தில் இறங்கியும் விட்டேன். தொம்மை மச்சான் சைக்கிள் கடை வாசலில் டியூபுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். எதிர்ச்சாரியிலிருந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன். உன் அண்ணன் முன்னால் வந்து நிற்க எனக்கு என்ன முகம் இருக்கிறது.

என்னை இன்னும் சிக்னல் கேபினில் ஏற்றவில்லை. ரயில்வே டாக்டர் எழுதிக் கொடுக்கும்வரை லீவரில் கை வைக்கக்கூடாதாம். பார்சல் ஆபீஸில் கூடைகளை எடை போட்டுக்கொண்டிருக்கிறேன். என் இடத்தில் பச்சைமுத்து நிற்கிறான். நல்லவன், மத்தியானச் சோற்றில் பாதியை எனக்குத் தள்ளுகிறான்.

என் கோரிக்கை ஒன்றே ஒன்று. ஜூனில் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் நீயும் செசிலியும் குவார்ட்டர்ஸுக்குத் திரும்பி வந்துவிடுங்கள்.

சென்னை டாக்டரம்மா என்னை அனுப்பும்போது, "வீட்டுக்காரங்ககிட்ட இனி எதையும் மறைக்காதீங்க, மறைச்சு மறைச்சுத்தான் இவ்ளோ தூரம் வந்தீங்க" என்றார். அதனால் இதையும் எழுதுகிறேன். செசிலி போட்டோவை அலமாரியில் வைத்திருக்கிறேன். தினமும் பார்க்கிறேன். மனசில் ஒன்றும் வரவில்லை மேரி. என் பிள்ளை என்று தெரிகிறது. பசியில்லாதவன் இலையைப் பார்ப்பதுபோல் பார்க்கிறேன். பூசையில் பாட்டு கேட்டாலும் அப்படித்தான். இது சரியாகும் என்கிறார் டாக்டரம்மா. எப்போது என்று சொல்லவில்லை.

சவரிராயன்


திண்டிவனம்
19.1.1987

செசிலி அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. பெண்டாட்டியை வீட்டுக்கு வா என்று கூப்பிடுகிற ஆள் யாராவது, உன் பிள்ளையைப் பார்த்தால் எனக்கு ஒன்றும் வரவில்லை என்று அதே தாளில் எழுதுவாரா? பொய் சொன்ன நாளில் உங்களுக்கு இருந்த சாமர்த்தியம் உண்மை சொல்லும்போது எங்கே போயிற்று?

கோபத்தில் அன்றே அடுப்பில் போட்டிருப்பேன். அண்ணி பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எதிரில் போட்டால் அண்ணன் காதுக்குப் போகும். அதனால் பெட்டியில் வைத்தேன். வைத்துவிட்டு மூன்று தரம் எடுத்துப் படித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நானும் மறைக்கவில்லை.

நான் ஏன் இங்கே அண்ணன் வீட்டுக்கு வந்தேன் என்பது உங்களுக்கு மறந்திருக்கும். உங்களுக்கு அந்த இரண்டு வருஷத்தில் எதுதான் ஞாபகம் இருக்கிறது? பெட்டிகளைக் கோக்கிற ஷண்டிங்கில் உங்கள் கால் நசுங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் ஒன்றும் சொல்லவில்லை. வலிக்கு ஊசி போட்டார்கள், போடட்டும். கால் ஆறி நீங்கள் நடந்து வேலைக்குப் போன பிறகும் கம்பவுண்டர் பெரியதம்பி வீட்டுப் பின்வாசலில் நின்றீர்களே, அப்போதும் அழுதேனே தவிர கிளம்பவில்லை. என் சங்கிலி போனதற்கும் கிளம்பவில்லை. செசிலி ஒருநாள் கட்டிலுக்கடியிலிருந்து உங்கள் ஊசியை எடுத்துப் பொம்மையின் கையில் குத்தி, "அழுவாதே, இப்ப சரியாப்பூடும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நாலு வயசு. அன்றைக்குத்தான் பெட்டியைக் கட்டினேன்.

இங்கே கான்வென்ட்டில் தையல் சொல்லிக்கொடுக்கிறேன். யார் கையையும் எதிர்பார்க்கவில்லை. செசிலி ஒன்றாம் வகுப்பு. நன்றாகப் படிக்கிறாள். உங்களை எங்கே என்று கேட்டால் ரயிலில் வேலை என்று சொல்லி வைத்திருக்கிறேன். ரயில் சத்தம் கேட்டால் எட்டிப் பார்க்கிறாள்.

பிள்ளையைப் பார்த்து ஒன்றும் வராமல் போகிற வியாதி என்ன வியாதி? அதையாவது புரிகிற மாதிரி எழுதுங்கள்.

சூசை மேரி


விழுப்புரம்
2.2.1987

அன்புள்ள மேரிக்கு,

பொம்மை விஷயம் எனக்குத் தெரியாது. நீ சொல்லாமல் கிளம்பிவிட்டாய் என்றுதான் இத்தனை நாளும் உன் மேல் வருத்தம் வைத்திருந்தேன். இனி இல்லை.

டாக்டரம்மா சொன்னதை எனக்குப் புரிந்தமட்டும் எழுதுகிறேன். மூளையில் கோடிக்கணக்கான செல்கள் இருக்கின்றனவாம். ஒன்றோடொன்று ஒட்டாமல் நடுவில் மயிரிழை சந்து விட்டு நிற்கும். ஒரு செல் ஒரு துளி ரசத்தைச் சந்தில் விடும், அடுத்தது வாங்கிக்கொள்ளும். நாம் நினைப்பது, நோவது, சிரிப்பது எல்லாம் அந்தக் கொடுக்கல் வாங்கல்தான். வலியை அடக்கவும் மனசு குளிரவும் மூளை தானே அபின் போன்ற ஒன்றைச் சுரந்துகொள்ளுமாம். பிள்ளையைத் தூக்கினால் வருகிற சுகத்தில்கூடப் பாதி அதுதான்.

வெளியிலிருந்து தினமும் ஊசி வந்தால் செல்கள் என்ன செய்யும்? இவ்வளவு வருகிறதே என்று வாங்குகிற வாயைக் குறைத்துக்கொள்ளும். சொந்தச் சுரப்பும் சோம்பிப்போகும். ஊசி மந்தப்படுத்துவதை ஈடுகட்ட எதிர்ப்பக்கமாக வேகமாய் ஓடவும் பழகிவிடும். ஒருநாள் ஊசியை நிறுத்தினால் அந்த ஓட்டம் மட்டும் மிச்சம். அதுதான் உதறல், வாந்தி, பேதி, எலும்புக்குள் குடைச்சல். ஆஸ்பத்திரியில் அதைப் பட்டேன். செத்துவிடலாம் என்று இருந்தது. அது பத்து நாளில் போய்விட்டது.

போகாதது வேறு. வாங்குகிற வாய் பழையபடி திறக்க மாசக்கணக்காகும். அதுவரை எந்த நல்லதும் உள்ளே இறங்காது. செசிலி போட்டோ அதனால்தான். பிள்ளை மேல் பாசம் போய்விடவில்லை மேரி, அது வந்து சேருகிற வழிதான் அடைபட்டிருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது, அதுதான் எனக்குப் பயம். ஊசியோடு சேர்ந்து வந்ததையெல்லாம் செல்கள் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டு வைத்திருக்கின்றன. ஸ்பிரிட் வாடை, ஊசி மருந்துக் குப்பியின் கழுத்தை ஒடிக்கிற சத்தம், பெரியதம்பி வீட்டுச் சந்து. போன வாரம் மருந்துக்கடையைத் தாண்டி நடந்தேன். ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. கொட்டாவி கொட்டாவியாக வந்தது, மூக்கு ஒழுகியது, வயிறு கலக்கியது. ஊசி நிறுத்திய முதல் நாள் எப்படியோ அப்படி. மூன்று மாசத்துக்குப் பிறகு, வெறும் வாடைக்கு. இப்போது மார்க்கெட்டைச் சுற்றிக்கொண்டுதான் வேலைக்குப் போகிறேன்.

வருஷக்கணக்காக ஒரே லைனுக்குத் திருப்பி வைத்த பாயிண்ட், தண்டவாளம் பிரிகிற இடம், இருக்கிறதே, லீவரை இழுத்தாலும் அது சட்டென்று மாறாது. அப்படி நினைத்துக்கொள்.

ஒரு ஞாயிறு வந்து பிள்ளையைப் பார்க்கட்டுமா?

சவரிராயன்


திண்டிவனம்
17.2.1987

செசிலி அப்பாவுக்கு,

பாயிண்ட், லீவர் எல்லாம் எனக்கு வேண்டாம். கட்டிக்கொண்ட நாளிலிருந்து அதையே கேட்டு அலுத்துவிட்டது. மற்றதெல்லாம் புரிந்தது. பாசம் ஒரு துளி ரசம் என்று உங்கள் டாக்டரம்மா சொல்கிறார். இருக்கட்டும். எனக்கு மட்டும் அது ஏன் இன்னும் வற்றாமல் இருக்கிறது என்று அவரிடம் கேளுங்கள்.

அண்ணனிடம் சொன்னேன். கத்தினார். "அவன் சொல்றான்னு நம்பிக்கினு இருக்கியா, புத்தி கெட்டுப்பூட்டுதா ஒனக்கு" என்றார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை, இரண்டு வருஷமாகச் சோறு போடுகிறார். கடைசியில், வாசலோடு வந்துவிட்டு வாசலோடு போகட்டும் என்றார்.

வாருங்கள். மார்ச்சில் சாம்பல் புதன் கழிந்து வருகிற ஞாயிறுகளில் எது தோதோ அதில் வாருங்கள். மிட்டாய் வாங்கி வராதீர்கள், பல்லெல்லாம் சொத்தை. வந்தால் சிரித்த முகமாக இருக்கவேண்டும். உள்ளே ஒன்றும் வராவிட்டாலும் பரவாயில்லை, வந்ததுபோல் இருங்கள். அவளுக்கு ஆறு வயசு. செல்லும் சந்தும் அவளுக்குத் தெரியாது.

சூசை மேரி


விழுப்புரம்
24.3.1987

அன்புள்ள மேரிக்கு,

வந்துவிட்டு ஒன்பது நாளாகிறது. எழுத வேண்டும் என்று உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். நடந்தது கலைந்துவிடுமோ என்று பயம்.

முதலில் செசிலி என்னிடம் வரவில்லை. உன் முந்தானைக்குள் இருந்து என் காலைத்தான் பார்த்தாள். நொண்டுகிறேனா என்று பார்த்தாளோ என்னவோ. நான் நீ சொன்னபடி சிரித்தேன். நீ அவித்த மல்லாட்டையைக் கொண்டுவந்து வைத்தாய். அவள் ஒவ்வொன்றாக உரித்துத் தின்றாள். மூன்று கடலை இருந்த காய் ஒன்று வந்தது. கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு அதை உரித்து என் கையில் வைத்து, "இது உனுக்கு" என்றாள்.

மேரி, அப்போது வந்தது. கொஞ்சம்தான். நெஞ்சில் ஏதோ சுருக்கென்றது. அடுத்த நொடி இல்லை. ஆனால் வந்தது. நான் பொய் சொல்லவில்லை. அந்தக் கடலையைத் தின்னாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தேன். ரயிலில் வரும்போது தின்றுவிட்டேன், வீணாக்கக்கூடாது என்று.

தொம்மை மச்சான் என்னை ஒருமுறை பார்த்தார், துரத்தவில்லை. நன்றி சொன்னதாகச் சொல்.

ஈஸ்டர் முடிந்து ஒரு ஞாயிறு அவளை இங்கே கூட்டி வரட்டுமா? கேபின் மேலிருந்து வண்டி வருவதைப் பார்க்க ஆசை என்றாள். பச்சைமுத்து டூட்டியில் இருக்கிற நாளாகப் பார்க்கிறேன். காலையில் கூட்டி வந்து சாயங்காலம் நானே கொண்டுவந்து விடுவேன்.

சவரிராயன்


திண்டிவனம்
10.4.1987

செசிலி அப்பாவுக்கு,

பெரிய வெள்ளிக்கு ஒருவாரம்தான் இருக்கிறது, கான்வென்ட்டில் தையல் வேலை தலைக்குமேல் கிடக்கிறது. ஆகவே சுருக்கமாக எழுதுகிறேன்.

26ஆம் தேதி ஞாயிறு பூசை முடிந்ததும் வந்து அழைத்துப் போங்கள். கேபினில் லீவர் பக்கம் விடாதீர்கள். கிணற்றுத் தண்ணீர் கொடுக்காதீர்கள். வெயிலில் நிறுத்தினால் மூக்கில் ரத்தம் வரும். ஒன்றுக்கு வந்தால் சொல்லமாட்டாள், காலைப் பின்னிக்கொண்டு நிற்பாள், நீங்களாகக் கேட்க வேண்டும்.

அண்ணனிடம் முதல்முறையாகச் சண்டை போட்டேன். என் புருஷன், என் பிள்ளை என்று சொன்னேன். சொல்லும்போது எனக்கே வெட்கமாக இருந்தது, ஆனாலும் நன்றாக இருந்தது.

இந்த ஒரு நாள் நல்லபடியாகப் போகட்டும். போனால் மே மாசத்தில் பள்ளிக்கூடத்தில் டி.சி. வாங்கிவிடுகிறேன். ஜூனுக்கு விழுப்புரம் வந்துவிடுவோம். இதை எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன். எழுதிவிட்டேன்.

சூசை மேரி


திண்டிவனம்
30.4.1987

சவரிராயன் அவர்களுக்கு,

இனி எனக்குக் கடிதம் எழுத வேண்டாம். இது கடைசி.

கேபின் இரும்புப் படியில் விழுந்து செசிலிக்கு நெற்றியில் அடிபட்டது, அதை நான் குற்றம் சொல்லவில்லை. பிள்ளைகள் விழும். ஞாயிற்றுக்கிழமை ரயில்வே டிஸ்பென்சரி மூடியிருந்தது, எதிரில் இருந்த தனியார் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினீர்கள். அதுவும் சரி. அங்கே பெஞ்சில் அவளை உட்கார வைத்து, நெற்றியில் துண்டை அழுத்தச் சொல்லிவிட்டு, தகப்பன் எழுந்து போய்விட்டான்.

நர்ஸ் பச்சைமுத்துவிடம் சொன்னாளாம். "பக்கத்துல குந்திக்கினு இருந்த கண்டாச்சிபுரத்துக்காரம்மாகிட்ட பாத்துக்குங்கன்னு சொல்லிட்டு அந்தாளு போயிட்டாரு. அந்தம்மா பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு எழுந்து போயிட்டாங்க." தையல் போடும்போது என் பிள்ளையின் கையைப் பிடிக்க ஆள் இல்லை. இரண்டு பேர் அமுக்கிப் பிடித்துப் போட்டிருக்கிறார்கள். போட்ட பிறகும் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சாப்பிடக் கூப்பிட்டதற்கு, "எங்கப்பா வருவாரு, நான் இல்லன்னா தேடுவாரு" என்று சொல்லி எழவில்லையாம். பச்சைமுத்து டூட்டி முடிந்து தேடிக்கொண்டு வந்தபோது அப்படியே இருந்தாள். பாவாடையெல்லாம் நனைந்திருந்தது. காலைப் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்று சொன்னான். பச்சைமுத்துதான் பாசஞ்சரில் கொண்டுவந்து சேர்த்தான்.

அந்தக் கிளினிக்கில் கம்பவுண்டர் யார் என்று கேட்டேன். பெரியதம்பி. இதற்கு மேல் நான் என்ன கேட்க வேண்டும்.

எதிர் ஸ்டேஷன்காரன் வண்டியை ஏற்றுக்கொள்கிறேன் என்பதற்குச் சாட்சியாகப் போனில் ஒரு பிரைவேட் நம்பர் சொல்லி, அதை எழுதிக்கொள்ளாமல் ஒரு சரக்கு வண்டிகூட நகராது என்று கல்யாணமான புதிதில் பெருமையாகச் சொன்னீர்கள். என் பிள்ளையைக் கொடுத்துவிட்டு யாரிடம் நம்பர் வாங்கினீர்கள்?

மறுநாள் காலையில் வந்து தெருவில் நின்றீர்கள். அண்ணன் துரத்தினார். நான் உள்ளேதான் இருந்தேன். வெளியே வரவில்லை.

சூசை மேரி


விழுப்புரம்
6.5.1987

மேரிக்கு,

எழுதாதே என்றாய். இதைப் படிக்காமல் கிழித்தாலும் சரி. அந்த நாள் என்ன நடந்தது என்பதை உன்னைத் தவிர யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை.

கிளினிக்குக்குள் நுழையும்போது எனக்கு வேறு நினைப்பே இல்லை. அவள் ரத்தம் என் சட்டையில் இருந்தது, அதுதான் கண்ணில் இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் வாடை ஏறியது. அந்த இடம் முழுக்க ஸ்பிரிட். கொட்டாவி வந்தது. மூக்கு ஒழுகியது. கைமயிர் சிலிர்த்து நின்றது. பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது உள்ளே குப்பியின் கழுத்தை ஒடிக்கிற சத்தம் கேட்டது. யாருக்கு என்ன மருந்தோ.

பெரியதம்பி அங்கே வேலைக்குச் சேர்ந்தது எனக்குத் தெரியாது, சத்தியமாகத் தெரியாது. தட்டோடு வெளியே வந்தான். என் முகத்தைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது. "இன்னாண்ணே, ரொம்ப நாளாச்சு. உள்ள வாங்க, பாப்பாவுக்கு முடிச்சிட்டு ஒங்களுக்கும் பாத்துடலாம்" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நான் சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன் மேரி. திறந்தேன். பிள்ளை பக்கத்திலேயே இருக்கிறாள், அவள் பார்க்கப் பார்க்க நான் கையை நீட்டியிருப்பேன். இன்னும் ஒரு நிமிஷம் இருந்திருந்தால் நீட்டியிருப்பேன்.

கேபினில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இது. உடம்போ புத்தியோ சரியில்லை என்று தெரிந்த நொடியில் லீவரிலிருந்து கையை எடு, பக்கத்தில் இருக்கிறவனிடம் சார்ஜ் கொடு, கீழே இறங்கிப் போய்விடு. நீ நின்றால்தான் ஆபத்து. பதினாலு வருஷமாக அது உடம்பில் ஊறியிருக்கிறது. பிள்ளை விஷயத்திலும் அதையே செய்தேன். பக்கத்து அம்மாவிடம் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். அந்த அம்மா தலையாட்டினதுபோல் இருந்தது. நீ கேட்டது சரி. நான் நம்பர் வாங்கவில்லை.

எங்கே போகிறேன் என்று தெரியாமல் நடந்தேன். திரும்பினால் அங்கேதான் போய் நிற்பேன் என்று தெரிந்ததால் திரும்பாமல் நடந்தேன். காணை கிராமம் வந்துவிட்டது. கரும்பு வயல் வரப்பில் உட்கார்ந்தேன். உதறல் அடங்கச் சாயங்காலம் ஆயிற்று. அடங்கினதும்தான் அவளைப் பெஞ்சில் விட்டு வந்தது முழுசாக உறைத்தது. இத்தனை மாசம் எதற்கும் அழாதவன் அங்கே வாய்விட்டு அழுதேன். கரும்புக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த ஒருவர் பயந்துபோய், "இன்னாய்யா, ஊட்ல யாராச்சும் தவறிட்டாங்களா" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

திரும்பி வந்தபோது கிளினிக் பூட்டியிருந்தது. பச்சைமுத்து பிள்ளையோடு வண்டி ஏறிவிட்டான் என்று ஸ்டேஷனில் சொன்னார்கள்.

ஊசி போட்டுக்கொள்ளவில்லை. நீ நம்புவதற்கு என்னிடம் ஒரு சாட்சியும் கிடையாது.

சவரிராயன்


திண்டிவனம்
25.5.1987

செசிலி அப்பாவுக்கு,

நம்புகிறேன்.

செசிலியிடம் இதுவரை நான் எதுவும் கேட்கவில்லை. போன வாரம் தையல் போட்ட இடத்தை டாக்டரிடம் காட்டிவிட்டு வரும்போது அவளாகச் சொன்னாள். "அப்பாவுக்கு மூக்கு ஒழுவிச்சி. அந்த மாமா உள்ள வான்னு கூப்ட்டாரு. அப்பா போவல, வெளிய ஓடிட்டாரு. ரொம்ப பயந்துட்டாரும்மா." நீங்கள் எழுதினது அத்தனையும் அவள் பார்த்திருக்கிறாள். அவள் என்னிடம் அதைச் சொல்லும்போது உங்களுக்காகப் பரிதாபப்பட்டாள்.

அன்று இரவு ஜெபம் சொல்ல உட்கார்ந்து சொல்ல முடியாமல் அழுதேன். நீங்கள் பொய் சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும். திட்டிவிட்டு, தலைமுழுகிவிட்டு, பிள்ளையை வளர்த்திருப்பேன். நீங்கள் உலகத்திலேயே கஷ்டமான ஒரு காரியத்தைச் செய்திருக்கிறீர்கள், என் பிள்ளையைப் பெஞ்சில் விட்டுவிட்டுச் செய்திருக்கிறீர்கள். இதற்கு நான் உங்களைப் பாராட்டுவதா, அடிப்பதா?

ஆனால் இதைக் கேளுங்கள். நான் குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்குப் போனால் இப்போது செசிலி கூடவே வருகிறாள். வராதே என்று சொன்னால் அழுவதில்லை. சுவரோரம் போய் உட்கார்ந்து நெற்றியில் உள்ளங்கையை அழுத்திக்கொள்கிறாள். நான் திரும்பி வரும்வரை கையை எடுப்பதில்லை. காயம் ஆறிவிட்டது, ஒன்றும் வலியில்லை. அண்ணன் கடைக்குக் கிளம்பினாலும் அப்படித்தான். யாராவது செருப்பை மாட்டினால் போதும், அவள் கை நெற்றிக்குப் போய்விடுகிறது.

உங்கள் டாக்டரம்மா சொன்னதாக எழுதினீர்களே, ஒன்றோடு ஒன்று முடிச்சுப் போட்டுக்கொள்ளும் என்று. உங்களுக்கு இத்தனை வருஷத்து ஊசியில் விழுந்த முடிச்சு. என் பிள்ளைக்கு ஒரே ஒரு மத்தியானத்தில் விழுந்துவிட்டது. உங்களுக்கு எத்தனை மாசம் ஆகும் என்று நான் இனி கேட்கப்போவதில்லை. இவளுக்கு எத்தனை மாசம் ஆகும் என்று கேட்டு எழுதுங்கள்.

டி.சி. வாங்கவில்லை. இரண்டாம் வகுப்பும் இங்கேதான். இது கோபத்தில் எடுத்த முடிவு இல்லை. கோபமாக இருந்தால் ஆறியிருக்கும்.

சூசை மேரி


விழுப்புரம்
3.6.1987

அன்புள்ள மேரிக்கு,

சென்னைக்குப் போய் டாக்டரம்மாவைப் பார்த்தேன். உன் கடிதத்தை அவரிடமே கொடுத்தேன், தப்பாக நினைக்காதே. படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இதற்கெல்லாம் என்னிடம் மாத்திரை இல்லை என்றார்.

அப்புறம் சொன்னார். "பழைய முடிச்சு அவிழாதுங்க, உங்களுக்கும் அவிழாது, குழந்தைக்கும் அவிழாது. பக்கத்துல புதுசா ஒண்ணு விழணும், அது பழசைவிடப் பலமா ஆகணும். பேசிப் புரியவெச்சு அது வராது. சொன்ன நேரத்துக்கு வரணும், சொன்ன நேரத்துக்குப் போகணும், மறுபடியும் வரணும். ஒரு தடவை தவறினாலும் பழசுதான் ஜெயிக்கும். உங்களால முடியுமா?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். அந்தப் பதில்தான் தேவலை என்றார்.

குவார்ட்டர்ஸைக் காலி செய்து கொடுத்துவிட்டேன். ஒற்றை ஆளுக்கு எதற்கு. பச்சைமுத்து வீட்டுப் பின்னறையில் இருக்கிறேன். திரும்பி வா என்று இனி நான் கேட்கமாட்டேன்.

ஞாயிறு தோறும் வரட்டுமா? காலை வண்டியில் வந்து, நாலு மணி பாசஞ்சரில் போய்விடுவேன். உள்ளே வரவேண்டாம் என்றால் வாசலில் இருக்கிறேன். நீ எனக்குச் சோறு போடவேண்டியதில்லை.

சவரிராயன்


திண்டிவனம்
13.7.1987

செசிலி அப்பாவுக்கு,

ஐந்து ஞாயிறாக வருகிறீர்கள். ஐந்திலும் நான் உங்களோடு நாலு வார்த்தை பேசவில்லை. பேசினால் அழுதுவிடுவேன், அண்ணி எதிரில் அழ எனக்கு இஷ்டமில்லை. அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் வந்ததும் அவள் முதலில் கேட்பது என்ன என்று கவனித்தீர்களா? எப்போது வந்தாய், என்ன கொண்டுவந்தாய் என்று எந்தப் பிள்ளையும் கேட்கும். இவள், "எப்ப போவே?" என்று கேட்கிறாள். நாலு மணிக்கு என்கிறீர்கள். சரி என்று சுவரோரம் போய் உட்கார்ந்துவிடுகிறாள். நீங்கள் கதை சொல்கிறீர்கள், கேட்கமாட்டாள். ரயில் மாதிரி ஊதிக் காட்டுகிறீர்கள், சிரிக்கமாட்டாள். கை நெற்றியில் இருக்கிறது. நீங்கள் தண்ணீர் குடிக்க எழுந்தால்கூடக் கண் கூடவே போகிறது.

நேற்று வரை எனக்கும் புரியவில்லை. நேற்று உங்கள் முகத்தைப் பார்க்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு மணிக்கு நீங்கள் சொன்னபடி எழுந்து, "செசிலி, நான் போறேன், அடுத்த ஞாயித்துக்கெழம வர்றேன்" என்றீர்கள். அப்போதுதான் அவள் கை கீழே இறங்கியது. முகம் தெளிந்தது. "சரி, போ" என்றாள். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டீர்கள். பிள்ளைக்கு உங்கள் மேல் ஆசையே இல்லை என்று நினைத்திருப்பீர்கள். நீங்கள் போன பிறகு அவள் நாலு வாய் சோறு அதிகமாகச் சாப்பிட்டாள்.

அது ஆசையில்லாததனால் இல்லை. சொன்னபடி செய்கிறீர்களா என்று பார்க்கிறாள். நீங்கள் இருக்கிற நேரமெல்லாம் அவளுக்கு நம்பிக்கை இல்லை. சொன்ன நேரத்தில் சொல்லிவிட்டுக் கிளம்புகிறீர்களே, அந்த ஒன்றில்தான் இப்போதைக்கு அவளால் உங்களை நம்ப முடிகிறது.

ராத்திரி படுக்கும்போது நீங்கள் உட்கார்ந்த பாயை விரித்துக்கொண்டுதான் படுக்கிறேன். இதை உங்களிடம் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். போன ஞாயிறு தூறல் போட்டபோது, இருந்துவிட்டுக் காலையில் போங்கள் என்று சொல்ல வாசல்வரை வந்தேன். சொல்லவில்லை. அடுத்த முறை சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

அதனால் வாருங்கள். ஒரு ஞாயிறும் தவறாமல் வாருங்கள். நாலு மணிக்குப் போய்விடுங்கள். மழை வந்தாலும் நிற்காதீர்கள். நானே நிற்கச் சொன்னாலும் நிற்காதீர்கள்.

சூசை மேரி